அப்பா வேண்டாமென்ற போனஸ்

அன்பு மகன் யெசித்துக்கு, அம்மா எழுதுவது. இங்கே பாரன்கியாவில் வெயில் ஒன்றைத் தவிர எங்களுக்குக் குறையில்லை, பொகோட்டா குளிரில் உனக்குச் சளி இருமல் அண்டாமல் இருக்க மாதாவிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவாய் என்றுதான் அங்கே வரும் அடுத்த தெரு லுஸ்தாரியிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே உப்புப் பாலாடைக்கட்டியும் இருக்கிறது, வந்ததும் ஃபிரிட்ஜில் வை.

போன மாதம் நீ அப்பாவுக்கு ஒரு கால்பந்துப் பந்தயக் கம்பெனியின் இணைப்பை அனுப்பினாயே, ஒரு லட்சம் பெசோ கட்டினால் இன்னொரு லட்சம் போனஸ், சேர்த்துவிட்ட உனக்கு ஐம்பதாயிரம் என்று, அதன் கதையைக் கேள். அப்பா மறுநாளே அர்கெமிரோ கடையில் பணத்தைக் கட்டிவிட்டு, போனில் இரண்டு லட்சம் காட்டுவதைத் தெருவெல்லாம் காட்டினார். அவர் பந்தயம் கட்டிய நம் ஊர் அணியும் ஜெயித்தது. ஃபிரிட்ஜ் கதவு ரப்பரை மாற்றலாம் என்று எடுக்கப் போனால் எடுக்க முடியவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டதற்கு ஒரு பெண், "ஐயா, நீங்க போட்டதும் போனஸும் சேர்த்து பத்து மடங்குக்குப் பந்தயம் கட்டி முடிச்சாத்தான் வெளியே எடுக்கலாம்" என்றாளாம். "இருபது லட்சமா? பஸ் ஓட்டின காலத்துல கூட அவ்வளவு காசை நான் ஒண்ணாப் பாத்ததில்லையேம்மா" என்று இவர் சிரித்திருக்கிறார், அவள் சிரிக்கவில்லை. அதிலும் நிச்சயமாக ஜெயிக்கும் அணியின் மேல் கட்டினால் கணக்கில் சேராதாம், மாதம் முடிவதற்குள் முடிக்க வேண்டுமாம்.

அன்றிலிருந்து மனுஷர் போனும் கையுமாக ஆனார். நம் ஊர் ஆட்டம் போதாமல் ஃபின்லாந்துப் பெண்கள் ஆடுவதற்கெல்லாம் கட்டினார். ஞாயிற்றுக்கிழமை சூப் ஆறிக் கிடக்கிறது, யார் இவர்கள் என்று கேட்டால், "தெரியாது நோயெமி, அந்தச் சிவப்புச் சட்டை தோத்தா நான் காலி" என்கிறார். சிவப்புச் சட்டை தோற்றது. பணம் கரைந்துகொண்டே வந்தது. "போதும் மனுஷா, மிச்சத்தையாவது எடு" என்று கத்திவிட்டேன். அதற்கு அவர் தலை நிமிராமல், "நான் முடிக்கலேன்னா யெசித்துக்கு வரவேண்டிய ஐம்பதாயிரம் வராது. பையன் வாய்விட்டுக் கேக்கமாட்டான், கஷ்டம் இல்லாமலா இப்படி அனுப்புவான்?" என்றார். என் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

இருவரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிபந்தனையை வரி வரியாகப் படித்தோம். ஒவ்வொரு பந்தயத்திலும் கம்பெனி தனக்கென்று கொஞ்சம் வைத்துக்கொள்கிறது. இருபது லட்சத்துக்குக் கட்டி முடிப்பதற்குள் அந்தக் கொஞ்சம் அவர்கள் தரும் போனஸைத் தாண்டிவிடும் போலிருக்கிறது. ஒரே முறை கட்டி, ஜெயித்ததை உடனே எடுக்கலாம் என்கிற சலுகையாக இருந்தால் யோசிக்கலாம், இது அப்படிப்பட்டதில்லை. போனஸ் வேண்டாமென்றால் நாம் போட்டதில் மிச்சத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றும் அதில் இருந்தது, அன்றே அப்பா போனஸை ரத்து செய்தார். அவர் போட்டதில் அறுபதாயிரம்தான் திரும்பியது. உன்னை ஏமாற்றிவிட்டதைப் போல இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மகனே, நீயும் இதில் மாட்டியிருந்தால் ரத்து செய்துவிடு. போனது போகட்டும், இங்கே உன்னைத் திட்ட யாருமில்லை. வேலை போய்விட்டதா, வாடகை நிற்கிறதா, எதுவானாலும் கம்பெனி வழியாகச் சுற்றி வராதே, நேராக எங்களிடம் கேள். கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே. மாதா உன்னை நிழல்போல் காக்கட்டும்.

உன் அம்மா,
நோயெமி

பி.கு: உறையில் அறுபதாயிரம் இருக்கிறது. ரப்பர் மாற்றச் சொன்னேன், அப்பா கேட்கவில்லை. "அந்தக் கம்பெனி அவனுக்குத் தர்றதைவிட பத்தாயிரம் கூடவே இருக்கு. இதுக்கு நிபந்தனை ஒண்ணும் கிடையாது, கைக்கு வந்ததுமே செலவு பண்ணலாம்னு எழுது" என்கிறார்.