ஒம்பதாம் மலையடியில் மூட்டிய நெருப்பு

கீழ்ப்பிரிவு, பத்தாம் லயம்,
நோர்வூட்.
சனிக்கிழமை, சாயங்காலம்.

அன்பு மகள் கிருஷாந்திக்கு,

உன் வடிவு பெரியம்மா சாமி படத்துக்கு விளக்கு ஏத்தி வச்சிட்டு எழுதிக்கொள்வது. நான் நல்லா இருக்கேன்னு எழுதினா பாதி பொய்யாயிரும். நீ நல்லா இருக்கியான்னு கேட்டா பதில் வராது. அதனால அந்த ரெண்டு வரியையும் விட்டுட்டு விசயத்துக்கு வாரேன்.

போன் அடிச்சா எடுக்க மாட்டேங்குற. வாட்ஸ்அப்புல என்ன அடைச்சு வச்சிருக்க. சரி, கடுதாசிய அடைக்க முடியாதுல்ல? நம்ம லோஜினி லீவு முடிஞ்சு செவ்வாக்கிழம விடிய ஜோர்தானுக்குத் திரும்புறா. உன்னோட அதே கார்மென்ட்டுதானே. உன் கையிலயே குடுப்பேன்னு கோயில் பக்கம் பாத்துச் சத்தியம் பண்ணியிருக்கா. கிழிக்கிறதா இருந்தாலும் முழுசாப் படிச்சுட்டுக் கிழி.

உங்கப்பாவுக்கு இருமல் கொறஞ்சிருச்சு. அவரு எங்க கூடப் பேசி வருசம் ஆகப் போகுதுதான். ஆனா ஒரே லயத்துல நாலு கதவு தள்ளி இருக்கிறதால இருமினா இங்க கேக்கும். ஒரு வாரமாக் கேக்கல. நீ அனுப்புன கம்பளிச் சட்டையப் போட்டுக்கிட்டுத்தான் வேலைக்குப் போறாரு. கையி கொஞ்சம் நீளம், மடிச்சு விட்டுக்கிறாரு.

இங்க ஒரு புதுக் கத நடக்குது, அதச் சொன்னாத்தான் மத்தது வெளங்கும். மேல் பங்களா ஒனக்குத் தெரியும், தொர இருந்த பங்களா. அது இப்ப வெள்ளக்காரவங்க வந்து தங்குற ஓட்டலாயிருச்சு. நம்ம சீதாலெட்சுமிதான் அங்க குசினியில வேல. பொழுது சாயிற நேரம் வாசல் முத்தத்துல நெருப்ப மூட்டி, அதச் சுத்தி வட்டமா ஒக்காருறாங்களாம். ஒவ்வொருத்தரா எந்திரிச்சு மனசுல கெடக்கிறதச் சொல்லிட்டு ஒரு குச்சிய நெருப்புல போடணும். போட்டதும் மத்தவங்க மேளம் அடிச்சுப் பாட, சொன்ன ஆளு ஆடணும். ஆடி முடிச்சா மனசு ஆறிருமாம். இதுக்கு டொலர் கட்டி, ஏரோப்ளேன் ஏறி வாராங்க! சீதா சொன்னப்ப நான் வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சேன்.

அப்புறம் அந்த ஓட்டல்ல தப்பு மேளம் அடிக்க உங்க பெரியப்பாவையே கூப்புட்டாங்க. தெரிஞ்ச அடியெல்லாம் அடிச்சுத் தீந்துபோயி, வேற வழியில்லாம சாவு வீட்டு அடிய எடுத்து விட்டிருக்காரு மனுசன். அதுக்குத்தான் அவங்க ரொம்பக் குதிச்சு ஆடுனாங்களாம். ஒரு வெள்ளக்கார அம்மா அதையே இன்னொருக்கா அடின்னு கேட்டுச்சாம். வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. சிரிச்சுட்டே இருந்தவரு தப்பக் கீழ வச்சாரு. நம்ம ஜீவா சாவுக்கு நான் அடிக்காத அடி அதுன்னு உங்கம்மாவ நெனச்சுச் சொன்னாரு. அன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் சாப்புடல.

ஒம்பதாம் நம்பர் மலையில குளவி கொட்டி உங்கம்மா போய் அடுத்த மாசத்தோட வருசம். அவள எடுத்துக்கிட்டுப் போனத நீ ஜோர்தான்ல இருந்து போன்லதான் பாத்த. தப்புச் சத்தமே கேக்கலியேன்னு நெனச்சிருப்ப. உங்கப்பாவும் பெரியப்பாவும் ஜோடி. திருவிழான்னாலும் காமன் கூத்துன்னாலும் ரெண்டு பேரும் சேந்துதான் அடிப்பாங்க. அன்னிக்கு உங்கப்பா வாசல்ல நின்னு, குளவிக்கு நடுவுல எம் பொஞ்சாதிய விட்டுட்டு ஓடுனவளோட புருசன் அடிச்சு அவ போக வேணாம்னு சொல்லிட்டாரு. தன்னோட தப்பு மேளத்தையும் சாக்குல போட்டுக் கட்டிப் பரண்ல ஏத்திட்டாரு. அவரு மேல எனக்குக் கோவமில்ல.

அதுக்கப்புறம் நான் அந்த மலைப் பக்கம் போகல. காலையில வேல பிரிக்கிற பெரட்டுல ஒம்பதுன்னு சொன்னாலே பின்னால போய் நின்னுக்குவேன். ஆள் போடுற கண்டாக்கையாகிட்டக் கெஞ்சி தேயிலைக் கன்னு நர்சரியில மண் நெரப்புற வேல வாங்கிக்கிட்டேன். புல்லு வெட்டுற மிசின் உர்ருன்னாக் கூட முந்தானையால தலைய மூடிக்கிட்டுத் தரையில குந்திருவேன். ஒரு நாள் கொதிக்கிற சோத்துப் பானையோட குந்துனேன். மருந்து எடுத்தேன், தூக்கம் வந்துச்சு, பயம் போகல.

சீதாதான் ஒரு நாள் இடுப்புல கைய வச்சுக்கிட்டு வந்தா. அவங்க காசு கட்டி வந்து அழுவுறாங்க, நமக்கு அழுகையும் இருக்கு, கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சி மிலாறும் வேண்டிய மட்டும் கெடக்கு, தப்படிக்க உன் புருசன் பொன்னையா அண்ணனும் இருக்காரு, இன்னும் என்னடி வேணும்னு கேட்டா. அப்படி ஆரம்பிச்சதுதான். ஞாயித்துக்கிழம மூணு மணிக்குப் பழைய கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு முன்னால நெருப்பு.

மொத வாரம் அஞ்சே பேரு. குளிருக்குக் கை காயத்தான் வந்தோம்னு எல்லாரும் சொன்னாங்க. ராக்காயி திடுதிப்புன்னு எந்திரிச்சு, எம் மருமகன எனக்குப் புடிக்கல, அவன் மூஞ்சியப் பாத்தாலே பத்திக்கிட்டு வருதுன்னு சொல்லி ஒரு மிலாற எடுத்து நெருப்புல எறிஞ்சா. மருமகன் பின்னாலயே நிக்கிறான்! அப்புறம் என்ன, பெரியப்பா அடிக்க, அவ ஆட, ஐயோ, அறுபது வயசுல அப்படி ஒரு ஆட்டம். மறுநாள் பாத்தா மருமகன் பீலியில தண்ணி புடிச்சு அவளுக்குச் சொமந்துக்கிட்டுப் போறான்.

இப்ப முப்பது பேருக்குக் கொறையாம வாராங்க. நாந்தான் வாரா வாரம் போறேன், ஒக்காருறேன், எடுத்த மிலாறக் கையிலயே வச்சிக்கிட்டு வீட்டுக்கு வந்துடுறேன். அடுப்புலயும் வைக்க மனசு வரல. அப்படிக் கொண்டுவந்ததே மூலையில ஒரு அடுக்கு இருக்கு.

நாளைக்கு எறியப் போறேன். நெருப்ப ஒம்பதாம் மலையடியில மூட்டச் சொல்லியிருக்கேன். குளவிக் கூட்டையெல்லாம் அப்பவே எடுத்துட்டாங்க. ஊருக்கு முன்னால சொல்றதுக்கு முந்தி நீ கேக்கணும். நாளைக்கு நான் வாயத் தொறக்காம ஓடி வந்துட்டாலும் இந்தக் கடுதாசியில இருக்கட்டும்.

நான் உங்கம்மாவ விட்டுட்டு ஓடிட்டேன்னு உனக்குச் சொன்னாங்க. அது பாதிதான் மகளே. மீதி அத விட மோசம். குளவி கெளம்புனா ஓடக் கூடாது, இடுப்புல கட்டியிருக்கிற படங்குச் சாக்க அவுத்துத் தலையோட மூடிக்கிட்டுத் தேயிலை நெரைக்குள்ள குப்புறப் படுக்கணும். மலைக்குப் போன மொத நாள்ல இருந்து எனக்கு அது தெரியும். உங்கம்மா அப்படித்தான் படுத்தா. சரியாத்தான் செஞ்சா. நாந்தான் ஓடுனேன். ஓடிக்கிட்டே, ஓடு ஜீவா, ஓடி வா, ஓடி வான்னு கத்துனேன். என் சத்தத்தக் கேட்டுத்தான் அவ படங்க ஒதறிட்டு எந்திரிச்சா. பத்து எட்டு வச்சிருப்பா, தண்ணி ஓடுற கான்ல கால் இடறி விழுந்துட்டா. மொத்தக் குளவியும் அவ மேலதான் எறங்குச்சு. நான் கத்தாம இருந்திருந்தா அவ படுத்தே கெடந்து பொழச்சிருப்பா.

இது யாருக்கும் தெரியாது. பெரியப்பாவுக்கே தெரியாது. கை வலிக்குது கிருஷாந்தி, மிச்சத்த அப்புறம் எழுதுறேன்.

திங்கக்கிழமை, வேலை விட்டு வந்து.

மகளே, மொதல்ல இதக் கேளு. உங்கப்பா தப்ப எடுத்துட்டாரு!

சரி, வரிசையாச் சொல்றேன். நேத்து மூணு மணிக்கு மிஸ்டு எறங்கி மலையே தெரியல. இன்னிக்கு வேணாம்னு சொல்லிருவாங்கன்னு உள்ளுக்குள்ள ஒரு ஆச வந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. ஒருத்தரும் சொல்லல. வீட்டு மூலையில இருந்த மிலாறு அடுக்க அப்படியே கயித்துல கட்டித் தலையில வச்சுக்கிட்டுப் போனேன். உங்கப்பா வந்திருந்தாரு. தூரத்துல மரத்தடியில, கக்கத்துல ஒரு சாக்கோட நின்னாரு. சண்டைக்குத்தான் வந்திருக்காருன்னு நெனச்சேன்.

நெருப்பு புடிச்சதும் நான் எந்திரிச்சேன். சனிக்கிழம உனக்கு எழுதுனத ஒண்ணு விடாமச் சொன்னேன். ஓடு ஓடுன்னு கத்துன இடம் வந்ததும் மிலாறுக் கட்ட இறுக்கிப் புடிச்சிக்கிட்டேன். சீதா எந்திரிச்சு வந்து பக்கத்துல நின்னா. தொடவெல்லாம் இல்ல, சும்மா நின்னா. சொல்லி முடிச்சேன். கொண்டு போன அத்தன மிலாறையும் ஒண்ணாத் தூக்கிப் போட்டேன். நெருப்பு ஆள் ஒசரத்துக்கு எந்திரிச்சிருச்சு.

சொன்னதும் மேளம் அடிக்கணும். பெரியப்பா கையில தப்போட அப்படியே நிக்கிறாரு. அவருக்கும் அப்பத்தானே தெரியும், பாவம். அப்ப உங்கப்பா நடந்து வந்தாரு. நேரா என்கிட்டத்தான் வாராருன்னு நெனச்சேன். அறைஞ்சா வாங்கிக்கணும்னுதான் நின்னேன். கால் ஓடத்தான் பாத்துச்சு, நான் விடல. அவரு என்னத் தாண்டிப் போய் நெருப்புக்கிட்டக் குந்துனாரு. சாக்க அவுத்தாரு. வருசமாக் கெடந்த தப்பு, தோலு பதத்துப் போயி, தட்டுனா பொத்துப் பொத்துங்குது. திருப்பித் திருப்பி அனல்ல காட்டுனாரு. எவ்வளவு நேரம்னு தெரியல. அவரு கண்ணுல தண்ணி வந்துச்சு, பொகையினாலயா என்னன்னு நான் பாக்கல. கடைசியா வெரலால ஒரு தட்டு. டங்குன்னு கேட்டுச்சு. அப்பத்தான் என்ன நிமிந்து பாத்தாரு. ஆடுங்க மதினி, தோலு ஆறிரும்னு சொன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு.

மொதல்ல சாவு அடியத்தான் எடுத்தாங்க ரெண்டு பேரும். உங்கம்மாவுக்குச் சேர வேண்டியது சேந்துச்சு. எல்லாரும் வாய் விட்டு அழுதோம். அப்புறம் மெல்ல மெல்ல மாத்தித் திருவிழா அடிக்குக் கொண்டு வந்தாங்க. எனக்கு எங்க ஆடத் தெரியும்? உங்கம்மாதான் ஆடுவா. கங்காணி அந்தப் பக்கம் திரும்புனதும் முதுகுல கூடையோட, ரெண்டு கையும் கொழுந்து கிள்ளுறாப்புல போக, இடுப்ப ஒரு வெட்டு வெட்டுவா பாரு, நாங்க வாயப் பொத்திக்கிட்டுச் சிரிப்போம். உனக்கு அது தெரிஞ்சிருக்காது, வீட்டுல அவ ஆட மாட்டா. அந்த ஆட்டத்தத்தான் ஆடுனேன். ஒரு கூடைய வாங்கி மாட்டிக்கிட்டு ஆடுனேன். முழங்கால் வலி எங்க போச்சுன்னே தெரியல. மூணாவது சுத்துல சிரிப்பு வந்துருச்சு எனக்கு! சீதா எறங்கிட்டா, ராக்காயி எறங்கிட்டா, அவ மருமகனும் எறங்கிட்டான். மேல் பங்களா வெள்ளக்காரவங்க ரோட்டுல நின்னு பாத்தாங்க. பாக்கட்டும், நாங்க டொலர் கேக்கல.

இன்னிக்குக் காலையில பெரட்டுல நானாப் போய் ஒம்பதுக்குப் பேர் குடுத்தேன். கண்டாக்கையா ரெண்டு தரம் கேட்டுத்தான் போட்டாரு. உங்கம்மா நெரையத்தான் புடிச்சேன். அவ விழுந்த கான்கிட்டக் கொஞ்ச நேரம் நின்னுட்டு, அதுக்கப்புறம்தான் கூடையில கொழுந்து போட்டேன். பத்து மணி இருக்கும், காதுகிட்ட உர்ருன்னு ஒரு சத்தம். குளவின்னுதான் நெனச்சேன். ஆனா கால் ஓடல. படுங்க, எல்லாரும் படுங்கன்னு ஒரு கத்துக் கத்துனேன், கொட்டகலை வரைக்கும் கேட்டிருக்கும். பதினெட்டுப் பொம்பளைங்களும் படங்க இழுத்து மூடிக்கிட்டு ஈரத்துல குப்புற விழுந்தோம். கங்காணியும் விழுந்தாரு, அதுவும் சேத்துல. கொஞ்சம் பொறுத்து ஒருத்தி எட்டிப் பாத்தா. ஒரு கருவண்டு! ஒத்தக் கருவண்டு! கங்காணி மீசையில சேத்தோட நின்னு என்னத் திட்டுன திட்ட இங்க எழுத முடியாது. நாங்க எந்திரிக்க முடியாமச் சிரிச்சோம். ஆனா ஒருத்தியும் ஓடல மகளே. அத்தன பேரும் படுத்துத்தான் கெடந்தாங்க. இந்தத் தடவ சரியானதக் கத்துனேன்.

உங்கப்பா கூட இன்னும் முழுசாப் பேச்சு வரல. ஆனா வருசத் தெவசத்தன்னிக்கு ரெண்டு தப்பும் சேந்து அடிக்கணும்னு பெரியப்பாகிட்டச் சொல்லியிருக்காரு. அன்னிக்கு லீவு கெடைக்காட்டியும் போன்ல பாரு. இந்தத் தடவ சத்தம் கேக்கும்.

நேரத்துக்குச் சாப்புடு. மிசின்ல வெரல் பத்திரம். மாரியம்மா உன் தல மேல கை வச்சுக் காப்பாத்தணும், உங்கம்மாவோட சிரிப்பு உன் மொகத்துல கெடக்கணும். மன்னிச்சிருன்னு நான் எழுத மாட்டேன், அது நீயாத் தர வேண்டியது, தராமலும் இருக்கலாம். ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். அடைச்சு வச்சிருக்கிறத ஒரு நாளைக்குத் தொறந்து எனக்குப் போன்ல ஒரு கோல் எடு. வருசமா உள்ளுக்குள்ள வச்சிருக்கிறதெல்லாம் சொல்லித் திட்டு. அழு, கத்து, எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. நான் போன வைக்க மாட்டேன். ஓட மாட்டேன் கிருஷாந்தி, நிப்பேன்.

இப்படிக்கு,
ஒம்பதாம் மலையில் மறுபடியும் கொழுந்து எடுக்கிற
உன் வடிவு பெரியம்மா