காகிதத்துக்கு மட்டும்

சுன்யானி
11 பிப்ரவரி 2024

செர்வாவின் அப்பாவுக்கு,

அந்தக் குளிரிலும் கர்த்தர் உங்களுக்குப் போர்வையாக இருப்பார் என்ற விசுவாசத்தில் எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். செர்வாவுக்கு முன்பல் ஆடுகிறது. யாரையும் தொடவிடமாட்டேன் என்கிறாள்.

தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். சபையில் மாமே சேரா சொன்னார். அவர் தங்கை லண்டனுக்குப் போக விசா கேட்டபோது, "நீங்க நெசமாவே புருஷன் பொண்டாட்டிதானா, அத்தாட்சி எங்க?" என்றார்களாம். கல்யாணப் படம் போதவில்லை. தேதியும் தபால் முத்திரையும் உள்ள கடிதக் கட்டைக் காட்டிய பிறகுதான் நம்பினார்களாம். ஆகவே இதை உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று ஓர் அதிகாரியும் படிக்கப் போகிறார். அவரை வைத்துக்கொண்டு நான் என்னத்தை எழுத? நீங்கள் குறட்டை விடுவீர்கள், அது இல்லாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. இது போதுமா என்று அவரைக் கேளுங்கள்.

உங்களைப் படிக்க அனுப்பிய ஏஜென்டை வழியில் பார்த்தேன். "செப்டம்பர்லயே சேர்ந்திருந்தா நீங்களும் கூடப் போயிருக்கலாம்க்கா" என்கிறான். எனக்குத் தெரியாதா? என் அப்பாவின் உடலைப் பிணவறையில் வைத்து, அடக்கத்தை ஜெர்மனி அண்ணன் வருவதற்காக நவம்பருக்குத் தள்ளினார்கள். மூத்த மருமகன் நீங்கள் சவப்பெட்டி கொண்டுவராமல் அடக்கம் ஏது? அதற்காக நீங்கள் சேர்க்கையை ஜனவரிக்கு மாற்றினீர்கள். ஜனவரி பிறந்த பிறகு இந்தப் படிப்பில் சேருகிறவர்கள் குடும்பத்தை அழைத்துவரக் கூடாது என்று அங்கே அரசாங்கம் சட்டம் போட்டுவிட்டது. நாம் அன்றைக்கே கேட்டபோது, "அதெல்லாம் சும்மா பேச்சுக்கா" என்றவன் இதே ஏஜென்ட்தான்.

போகட்டும். படிப்பு முடிந்து வேலை விசா கிடைத்தால் எங்களை அழைக்கலாம் அல்லவா? அந்த வாசலைப் பார்த்துக்கொண்டே ஜெபிக்கிறேன்.

உங்கள்
அபெனா


லீட்ஸ்
9 மார்ச் 2024

என் அபெனாவுக்கு,

உன் கடிதத்தை அறை வாசலில் நின்றபடியே மூன்று தடவை படித்தேன். அதிகாரி ஐயா, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். குறட்டை விஷயம் மட்டும் பொய்.

நல்ல செய்தி. ஒரு சின்னக் கம்பெனி. ஊருக்கு அடியில் ஓடும் பழைய கழிவுநீர்க் குழாய்களைச் சீர்செய்கிறவர்கள். சுன்யானி நகராட்சியில் நான் ஆறு வருடம் சாக்கடையோடு பட்ட பாட்டைச் சொன்னேன். மேலாளர் சிரித்துவிட்டு, "நீதான்ப்பா எனக்கு வேணும், ஜனவரில வந்து சேரு, விசாவுக்கு நாங்களே எழுதித் தர்றோம்" என்றார். வருடத்துக்கு 28,500 பவுண்ட். அடுத்த வருடம் மழைக்கு முன்னால் நீயும் செர்வாவும் இங்கே இருப்பீர்கள். அவளுக்கு ஒரு சிவப்புக் கோட் பார்த்து வைத்திருக்கிறேன்.

மரவள்ளிக் கரி மாவு தீர்ந்துவிட்டது. யாராவது வந்தால் கொடுத்தனுப்பு.

உன்
யாவ்


லீட்ஸ்
27 ஏப்ரல் 2024

அபெனா,

நேற்று போனில் சொன்னதை நான் சொல்லியிருக்கக் கூடாது. பாதியில் நீ வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன்.

கம்பெனி கைவிரித்துவிட்டது. இந்த மாதம் நான்காம் தேதியிலிருந்து புதுச் சட்டம். படிப்பு முடித்துப் புதிதாக வேலைக்குச் சேர்கிறவனுக்கே குறைந்தது 30,960 பவுண்ட் சம்பளம் இருந்தால்தான் வேலை விசா. போன மாதம் வரைக்கும் 20,960. ஒரே நாளில் பத்தாயிரம் ஏறிவிட்டது. மேலாளர் நல்ல மனிதர்தான். "எங்க ஊர்ப் பையனுக்கே நான் அவ்வளவு தர்றதில்லப்பா, உனக்கு மட்டும் எப்படித் தருவேன்?" என்றார்.

படித்தவர்களுக்கு இரண்டு வருடம் தங்கி வேலை பார்க்க அனுமதி உண்டு. அதில் உங்களை அழைக்க முடியாது. முதியோர் இல்லங்களில் ஆள் எடுக்கிறார்கள். எஞ்சினியர் படுக்கை மாற்றப் போகலாம், தப்பில்லை. ஆனால் அந்த விசாவிலும் மார்ச் மாதத்திலிருந்து குடும்பம் கூடாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

அந்தக் கோபத்தில்தான், "உங்கப்பா அடக்கத்துக்கு நிக்காம வந்திருந்தா நீ இந்நேரம் இங்க இருந்திருப்ப" என்றேன். மன்னித்துவிடு.

யாவ்


சுன்யானி
19 மே 2024

செர்வாவின் அப்பாவுக்கு,

மன்னிப்பைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில் அதிகாரி படிக்கட்டும்.

ஐயா, நான் பள்ளிக்கூடம் போனது நான்கு வருடம். மற்றதெல்லாம் வேதப்புத்தகத்திலும் பழைய செய்தித்தாளிலும் நானே எழுத்துக்கூட்டிக் கற்றது. ஆனால் வீட்டுக் கணக்கைத் தேதி தவறாமல் எழுதுகிறவள். அந்த நோட்டைப் பார்த்துத்தான் சொல்கிறேன். உங்கள் பல்கலைக்கழகம் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு ரசீது தந்த நாளில் ஒரு சட்டம் இருந்தது. என் புருஷன் வகுப்பில் உட்கார்ந்த பிறகு வேறொரு சட்டம் வந்தது. சுன்யானி சந்தையில் மீன்காரி அக்கோமா வாய் கொழுத்தவள், எடையிலும் கை வைப்பாள். அவள்கூடப் பேசின விலையை மீனை வெட்டின பிறகு மாற்றமாட்டாள். மாற்றினால் அடுத்த சந்தைக்கு அவள் கூடையை யார் தொடுவார்கள்? உங்கள் வாசலில் மட்டும் எப்படிக் கூட்டம் குறைவதில்லை?

பாஸ்டர், "பொறுமையா இரும்மா, எல்லாம் தேவசித்தம்" என்றார். "பாஸ்டர், தேவன் ஏப்ரல் நாலாம் தேதி சம்பளக் கணக்குப் போட்டாரா? இது மனுஷன் செஞ்சது, மனுஷன் பேரையே சொல்லுங்க" என்றேன். பக்கத்தில் மாமே சேரா இருமினார். சிரிப்பை அடக்கத்தான்.

இனி உங்களுக்கு. என் அப்பாவின் தலைமாட்டில் நீங்கள் நின்றதை ஊரே பார்த்தது. நான் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அது நான் உங்களுக்குச் செய்த நஷ்டமாகிவிட்டது. இறந்தவர் எந்தச் சட்டமும் போடவில்லை. கோபம் வந்தால், போட்டவர்கள்மேல் வரட்டும்.

படிப்பை முடியுங்கள். முடித்துவிட்டு வந்துவிடுங்கள். நகராட்சி உங்களைத் திரும்ப எடுக்கும் என்று உங்கள் பழைய அதிகாரியே சொன்னார். சம்பளம் கொஞ்சம்தான். மூன்று பேரும் ஒரே சட்டியில் சாப்பிடலாம்.

அபெனா


லீட்ஸ்
30 ஜூன் 2024

அபெனா,

வெறுங்கையோடு எப்படி வர? வங்கிக் கடனும் உன் அண்ணனிடம் வாங்கியதும் நகராட்சிச் சம்பளத்தில் அடையாது. யோசித்துத்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு.

இங்கே ஒரு பெண். இந்த ஊர்க் குடியுரிமை உள்ளவள், என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். காகிதத்துக்கு மட்டும் கல்யாணம். சில வருடம். எனக்கு நிரந்தர அனுமதி வந்ததும் அதை முடித்துவிட்டு உன்னை முறையாக அழைத்துக்கொள்வேன். அதற்கு நம் கல்யாணம் முறிந்ததாக இரண்டு குடும்பமும் கையெழுத்திட்ட தாள் வேண்டும். அம்போன்சா மாமா கல்யாணத்தை முறிக்கும் மதுப் பாட்டிலோடு உன் வீட்டுக்கு வருவார். உன் பெரியவர்களை அதை வாங்கிக்கொள்ளச் சொல். அது வெறும் சடங்கு. என் மனசு உனக்குத் தெரியும்.

யாவ்


சுன்யானி
4 ஆகஸ்ட் 2024

யாவ்,

போன சனிக்கிழமை உங்கள் தாய்மாமன் வந்தார். எங்கள் குடும்பத் தலைவர் ஒபெங் பெரியவரையும் மற்றவர்களையும் அழைத்திருந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பாட்டிலை நடுவில் வைத்தார்கள். பெரியவர், "எங்க பொண்ணு என்ன குத்தம் செஞ்சா?" என்று கேட்டார். குற்றம் சொல்லாமல் கல்யாணத்தை முறிக்கும் பானத்தை வைக்க முடியாது, உங்களுக்கும் தெரியும். உங்கள் மாமா அசடு வழிந்து, "குத்தமெல்லாம் ஒண்ணுமில்லய்யா, வெள்ளக்காரன் காகிதத்துக்காக" என்றார்.

"அப்ப பாட்டில வெள்ளக்காரன்கிட்டக் கொண்டு போய்க் குடுய்யா. இங்க ஏன் தூக்கிட்டு வந்த?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் தாளில் காரணம் எழுதியாக வேண்டுமே. உங்கள் மாமா கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். கடைசியில், "அவ சமையல் சரியில்ல" என்றார். கொஞ்ச நேரம் முன்புதான் என் கையால் இரண்டு உருண்டை ஃபுஃபு சாப்பிட்டிருந்தார். "வாயத் தொடச்சிட்டாவது சொல்லியிருக்கலாம், மாமா" என்றாள் என் தங்கை. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

பிறகு பெரியவர் என் பக்கம் திரும்பினார். "அபெனா, இத நாங்க வாங்கிக்கலாமா?"

மூன்று நாள் உபவாசம் இருந்துவிட்டுத்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். முதலில் என் அப்பாவின் அடக்கம் உங்களை மறித்தது. அடுத்து என் பிடிவாதம் மறித்தது என்பீர்கள். நாற்பது வயதில், ஐம்பது வயதில், ஒவ்வொரு சம்பள நாளிலும் சொல்வீர்கள். அந்த அரசாங்கம் நிற்க வேண்டிய இடத்தில் என்னை நிறுத்தி, அவர்கள்மேல் எறிய முடியாததை எல்லாம் என்மேல் எறிவீர்கள். அந்த இடத்தில் நான் நிற்கமாட்டேன்.

"வாங்கிக்கோங்க" என்றேன். முறைப்படி மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அதையே சொன்னேன்.

முன்னோருக்குக் கொஞ்சம் தரையில் ஊற்றினார்கள், மீதியைக் குடித்தார்கள், தாளில் கைநாட்டும் கையெழுத்தும் வைத்தார்கள். அதை உங்கள் மாமா அனுப்பிவைப்பார். காகிதத்துக்கு மட்டும் என்று எழுதியிருந்தீர்கள். காகிதத்துக்கு ஒரு பாட்டில், நிஜத்துக்கு ஒரு பாட்டில் என்று நம்மிடம் கிடையாது. கர்த்தரும் இருந்தார், பெரியவர்களும் இருந்தார்கள். முடிந்தது முடிந்ததுதான்.

ஒரு மனுஷன் கோணல் வழியில் போகாமல் படித்து, வேலையையும் தேடிக்கொண்டான். அவனைப் பொய்க் கல்யாணம்வரை தள்ளிக்கொண்டுபோன சட்டத்தை நான் சாகும்வரை மன்னிக்கப்போவதில்லை. தள்ளினது அவர்கள். கடைசி அடியை எடுத்து வைத்தது நீங்கள்.

செர்வாவிடம், "அப்பா இனி நம்ம வீட்டு ஆள் இல்ல, ஆனா உனக்கு எப்பவும் அப்பாதான்" என்றேன். புரியவில்லை என்றாள். எனக்கும் புரியவில்லை என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு போனில் பேசுங்கள். நான் எடுத்து அவளிடம் கொடுத்துவிடுவேன்.

என்றாவது இந்த ஊருக்குத் திரும்பினால், நேராக உள்ளே வந்துவிடாதீர்கள். பெண் கேட்கிறவர்கள் எல்லாரும் செய்வதுபோல உங்கள் பெரியவர்களோடு வந்து வாசலில் நின்று, கதவைத் தட்டிக் கேளுங்கள். திறப்பேனா என்று இன்றைக்கு எனக்குத் தெரியாது.

அபெனா போமா