கட்டியைச் சுற்றி நின்றவர்கள்

என் மீனாட்சி அக்காவுக்கு,

நேற்று பிள்ளையார்பட்டிக் கோயிலில் வைத்து உன் மகள் தர்ஷினியைப் பெண் பார்த்தார்கள். நான் காரியத்தைக் கெடுத்துவிட்டேனாம். அம்மா காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும். நீ கேள்.

உனக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்த அன்று, "வெளிய தெரிஞ்சா நம்ம பிள்ளைய எவன் கட்டுவான்?" என்றாள் அம்மா. தர்ஷினி அப்போது எட்டாம் வகுப்பு. மதுரைக்குப் போனால் சொந்தக்காரர் யார் கண்ணிலாவது பட்டுவிடுவோம் என்று வைத்தியத்தை இரண்டு மாதம் தள்ளிப்போட்டோம். விசாரித்தவர்களிடம் அல்சர் என்று சொன்னோம். நானும்தான் சொன்னேன். எப்படி மனசு வந்தது எனக்கு?

கடைசியில் மருந்து ஏற்றியும் கேட்காதபோது, "அவ உடம்பு ஏத்துக்கலை" என்று உன் மேலேயே பழியைப் போட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் தினமும் பார்க்கிறேனே, அந்தக் கட்டி தனியாக இருப்பதில்லை அக்கா. தன்னைச் சுற்றி நாரால் கெட்டியாக ஒரு சுவர் எழுப்பிக்கொள்கிறது. உடம்பைக் காக்க வரும் உயிரணுக்களையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. மருந்து வெளியிலேயே நின்றுவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்களை அனுப்பி, அந்தச் சுவரைத் தளர்த்தி, மருந்தை உள்ளே சேர்க்கப் பார்க்கிறோம். எலிகளில் சில முறை பலித்தது, பல முறை இல்லை. மனிதர்களுக்கு வர இன்னும் நாளாகும். ஆனால் நான் விடுவதாக இல்லை.

உன்னைச் சுற்றி நாங்களும் அப்படித்தான் நின்றோம். உன்னை விட்டுவிட்டு நோயைக் காப்பாற்றினோம்.

நேற்று மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணோட அம்மா எதுல தவறுனாக?" என்று கேட்டார். மாரடைப்பு என்று சொல்ல அம்மா வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டு, "கணையத்துல புற்றுநோய்" என்றேன்.

"அது பரம்பரையா வருமாமுல்ல?"

"வரலாம், வராமலும் போகலாம். டெஸ்ட் எடுத்துப் பாப்போம். வந்தா மறைக்க மாட்டோம், வைத்தியம் பாப்போம்."

போன் பண்ணுவதாகச் சொல்லி எழுந்து போனார்கள். அந்த போன் வராது. பயந்துகொண்டே தர்ஷினியைப் பார்த்தேன். அவள் பிரசாத மோதகத்தைப் பிட்டு, பெரிய பாதியை என் கையில் வைத்தாள்.

"நானே சொல்லணும்னுதான் இருந்தேன் சித்தி. நீங்க முந்திக்கிட்டீக."

அங்கேயே அழுதுவிட்டேன்.

திங்கட்கிழமை அவளைப் பரிசோதனைக்கு மதுரைக்குக் கூட்டிப் போகிறேன். காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் எந்தச் சொந்தக்காரர் எதிர்ப்பட்டு எங்கே போகிறீர்கள் என்று கேட்டாலும், எதற்குப் போகிறோம் என்பதை நின்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவோம். இது உன் மேல் சத்தியம்.

தர்ஷினியின் சித்தி,
உன் தங்கை செல்வி