வளைகுழாய்க்குள் இருந்தது

நாள் 61, காலை 7.10
நிலவு, தெற்குக் கூடம். எழுதுவது செண்பகவல்லி, தண்ணீர்ப் பொறியாளர். இதை யார் கண்டெடுத்தாலும் முதலில் வாஷ்பேசினைப் பாருங்கள். முகம் கழுவிய தண்ணீர்தான் வடிகட்டி வழியாகக் குடிதண்ணீராகத் திரும்புகிறது. இன்று வழக்கமான வேலை. வடிகால் வாயில் உள்ள சல்லடையில் சிக்கிய முடியை எடுத்தேன். பேசினுக்கு அடியில் உள்ள வளைகுழாயைக் கழற்றித் தேய்த்தேன். வெந்நீர் ஊற்றினேன். உள்ளே பேஸ்ட், சோப்பு, தோல் எல்லாம் சேர்ந்து சாம்பல் நிறக் கூழ். விரலில் ஒட்டிச் சளி மாதிரி இழுபட்டது. காலைச் சாப்பாடு இறங்கவில்லை.

நாள் 64, மாலை 6.30
வடக்குக் கூடத்தில் தனியாக இருப்பவன் இஸ்ரவேல். தூத்துக்குடிக்காரன், பாறை ஆய்வாளன். பேசினில் தண்ணீர் தேங்குகிறது என்று ரேடியோவில் சொன்னான். வளைகுழாயைக் கழற்றச் சொன்னேன்.
"யக்கா, நாத்தம் கொடலைப் பெரட்டுது. தொறந்தேன், அப்படியே மூடிட்டேன். கம்பிய விட்டுக் குத்திவிடுதேன், போதும்."
குத்தாதே என்றேன். குத்தினால் கசடு வெளியே வராது, அந்தக் கூடத்து வடிகட்டிப் பக்கம் நகரும்.

நாள் 67, காலை 8.00
"தண்ணி நல்லா போவுதுக்கா. நீங்கதான் சும்மா பயப்படுதிய."
அடைப்பு எங்கே போனது என்று கேட்டேன். சிரித்தான்.

நாள் 69, பகல் 11.40
"வயித்தால போவுது. நிக்க முடியல. குடிக்கக் குடிக்கத் தாகமா இருக்கு."
அந்தத் தண்ணீரைக் குடிக்காதே என்றேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். அங்கே போக வண்டியை எடுக்கிறேன்.

நாள் 69, மாலை 5.20
வடக்குக் கூடம். கதவு திறந்ததும் அழுகிய முட்டை வாடை. இஸ்ரவேல் தரையில், தன் வாந்தியிலேயே கிடந்தான். மூச்சு இருக்கிறது. அவசரத்தில் ஒரே ஒரு குடுவை தண்ணீர்தான் கொண்டுவந்தேன். அதைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினேன். கண் திறந்தான்.
வளைகுழாயைக் கழற்றினேன். ஒரு முழத்துக்குக் கறுத்த முடிக்கயிறு, முழுக்க வழவழப்பு. கூழ் என் முழங்கை வரை வழிந்தது. இருமுறை வாந்தி எடுத்தேன். வடிகட்டி கிழிந்திருக்கிறது. குடிநீர்த் தொட்டியில் அதே கூழ் திட்டுத் திட்டாக மிதக்கிறது.

நாள் 69, இரவு 8.15
குடுவை காலி. தெற்குக் கூடம் போய்த் தண்ணீர் எடுக்கலாம் என்றால், வந்த வழியிலேயே தீர்ந்த வண்டிப் பேட்டரி ஏற நாளை மதியம் ஆகும். அதுவரை அவன் தாங்க மாட்டான். தொட்டித் தண்ணீரைத் துணியில் வடித்துக் கொதிக்க வைத்தேன். அவனுக்குக் கொடுக்குமுன் நானே குடித்துப் பார்த்தேன். நாக்கில் எண்ணெய்ப் பிசுக்கு. தொண்டையில் நூல் மாதிரி ஏதோ இறங்கியது.

நாள் 69, இரவு 10.50
வயிறு பிசைகிறது. பயமாகவும் இருக்கலாம். தெரியவில்லை.
"தண்ணி தாங்கக்கா" என்கிறான். கேட்டுக்கொண்டே இருக்கிறான். இன்னும் கொடுக்கவில்லை. கொதிக்க வைத்த தண்ணீர் டம்ளர் என் கையில்