உப்புப் பொட்டலம்

ஜூன் 17, செவ்வாய், இரவு

டார்க் வெப்பில் போதைப்பொருள் வாங்கினால் தபாலிலேயே வீடு தேடி வருமாம். நேற்று பள்ளிக்கு வந்த போலீஸ் சேட்டன் சொன்னார். எப்போதும் பொடி வைத்துப் பேசுகிற நான், இன்று பொடி வைத்தே அனுப்பினேன். உப்பைப் பொட்டலம் கட்டி, கவரில் என் வகுப்பு நண்பன் அனூப் பெயரை எழுதி, கொச்சங்காடியில் அவன் வீட்டு வாசலில் போட்டேன்.

சாயங்காலம் கவரோடு ஓடிவந்தான். முகம் வெளுத்திருந்தது.

“டேய் கிச்சா, அம்மா பிரிக்கறதுக்குள்ள எடுத்துட்டேன். இத எங்கடா கொண்டு போடறது?”

“சாம்பார்ல போடு. வெறும் உப்புடா, நான்தான் வெச்சேன்.”

அடிப்பான் என்று விலகி நின்றேன். அவன் எங்கள் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“அப்போ போன வாரம் நான் ஆர்டர் பண்ணது இன்னும் வரலையா?”

தபால்காரர் பதினொரு மணிக்கு வருவார். அப்போது நாங்கள் இருவரும் பள்ளியில் இருப்போம். வீட்டில் அவன் அம்மா மட்டும்.