ஓடை வளைந்த இடம்

என் அஞ்சலைக்கு,

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. சாப்பிட்டாயா என்று கேட்க வாய் வருகிறது, நிறுத்திக்கொள்கிறேன். எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல நம்ம செல்விதான் எழுதுகிறாள்.

போன வாரம் ஓடைப் பூங்காவில் பழைய மேப்புகளைப் பரப்பி வைத்திருந்தார்கள். பார்க்க வருகிறவர்கள் ஓடைக்கு ஒரு கடிதம் எழுதித் தரவேண்டுமாம். அங்கேயே கயிறு கட்டி மாட்டுவார்களாம். ஓடையோடு எனக்கு என்ன பேச்சு? உன்னிடம்தான் ஒன்று சொல்லவேண்டும். மாட்டட்டும். ஊர் படித்துவிட்டுப் போகட்டும்.

நீ இருந்தபோது வேலி மட்டும்தான் போட்டிருந்தார்கள். இப்போது நடக்கச் சிமெண்ட் பாதை, உட்கார பெஞ்சு எல்லாம் வந்துவிட்டது. எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று அடித்தால் அதே பழைய நாற்றம்தான். சர்க்கரைக்கு நடக்கச் சொல்லி டாக்டர் சொன்னதால் தினம் காலையில் ஆறு சுற்று நடக்கிறேன். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய், இந்த மனுஷனா நடக்கிறான் என்று.

மேப்பு பார்க்க என்னோடு மாணிக்கமும் வந்தான். துறைமுகத்தில் என்னோடு மூட்டை தூக்கினானே, அவன்தான். "மாமு, ரேசன் கடையிலயே கைநாட்டு வைக்கிற ஆளு நீ. மேப்புல இன்னாத்த படிக்கப் போற?" என்றான். எழுத்துதான் தெரியாது, இடம் தெரியும்டா என்றேன்.

கண்ணாடி மேசைக்கு அடியில் விளக்குப் போட்டு, மேலே மெல்லிய தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்திருந்தார்கள். அடியில் இருந்தது ரொம்பப் பழசு. அதற்குமேல் கம்பெனிகள் வந்த பிறகு போட்டது. மேலே இந்த வருஷத்துது. ஒரு பெண் நின்று விளக்கிக்கொண்டிருந்தாள். மேல் தாள்களை எடுத்துவிட்டுப் பழசைக் காட்டினாள். நான் விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே போனேன். இது கல் பாலம், இது துணி துவைக்கிற துறை, இது உப்பு மூட்டை இறக்கின மேடு. அவள் எழுத்தைப் பார்த்துப் பார்த்து, ஆமாம் தாத்தா, ஆமாம் தாத்தா என்றாள். மாணிக்கமும் கிட்ட வந்து குனிந்து பார்த்தான்.

கல் பாலத்தை ஒட்டினாற்போல் ஓடை வளைகிறது. அந்த வளைவில் என் விரல் நின்றது. அவள் அடுத்த தாளை மேலே போட்டாள். அதில் வளைவு இல்லை, கோடு நேராகப் போகிறது. வளைவு எங்கேயோ கீழே, மேடு எல்லாம் தாண்டி இருக்கிறது.

"இன்னாம்மா, வளைவு எங்க போச்சு?"

"வெட்டி நேராக்கிட்டாங்க தாத்தா. கீழ இருக்கிறது அப்புறம் உண்டான வளைவு."

அவ்வளவுதான் சொன்னாள். நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அஞ்சலை, நம்ம மூத்தவனை நான் தனியாகத்தான் தூக்கிக்கொண்டு போனேன். பதினெட்டு நாள் பிள்ளை, பேர்கூட வைக்கவில்லை. பால் குடிக்கிற பிள்ளையை மூலக்கொத்தளம் சுடுகாடு வரைக்கும் கொண்டு போகாதே, ஓடைக்கரையில் வை, தண்ணீர்ச் சத்தம் கேட்கட்டும் என்று உங்கப்பா சொன்னார். வளைவிலிருந்து பன்னிரண்டு எட்டு வைத்து, குழி தோண்டி வைத்தேன். பூவரசுக் கிளை ஒன்று ஒடித்து நட்டேன். திரும்பிப் பார்க்காமல் வரச் சொல்லியிருந்தார்கள். நானும் பார்க்கவில்லை. ஒரு தடவை பார்த்திருந்தால், கரைக்குப் பின்னால் என்ன இருந்தது, எந்தக் கூரை தெரிந்தது என்று ஞாபகம் இருந்திருக்கும். மற்றதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. நீ கட்டியிருந்த சேலையின் கரை நிறம்கூட.

அப்புறம் காத்திவாக்கத்தில் உங்கம்மா வீட்டில் மூன்று வருஷம் இருந்தோம். செல்வி பிறந்த பிறகு திரும்பி வந்தால், கல் பாலம் இல்லை. கரையெல்லாம் புது மண். செல்விக்கு முதல் பல் முளைத்த அன்று, அண்ணனுக்குப் பால் ஊற்றவேண்டும் என்று கிளம்பினாய். ஒரு வளைவு இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு பூவரசு இருந்தது. "இன்னாய்யா, இதானா?" என்று கேட்டாய். இதான் என்றேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்தேன்.

பூவரசு எங்கே நட்டாலும் வரும். அது யார் நட்டதோ?

நீ வருஷா வருஷம் அந்த மரத்தடியில் பால் ஊற்றினாய். ஒரு வருஷம், இங்கே தண்ணீர்ச் சத்தமே கேட்கவில்லையே என்றாய். உனக்கு அப்போதே தெரிந்துவிட்டதா, அஞ்சலை? தெரிந்தும் எனக்காகச் சும்மா இருந்துவிட்டாயா?

கடைசியாக அந்தப் பெண்ணிடம், இந்த வருஷத் தாளைப் பழசுக்கு மேலே வைக்கச் சொன்னேன். வைத்தாள். வளைவு இருந்த இடத்தில் விரலை வைத்துப் பன்னிரண்டு எட்டுக்குக் கணக்காகத் துளி தள்ளினேன். இது என்ன இடம் என்று கேட்டேன்.

"நடைபாதை தாத்தா. குடிதண்ணிக் குழாய் இருக்கே, அந்தத் திருப்பம்."

இரண்டு வருஷமாகத் தினம் ஆறு தடவை அந்த இடத்தை மிதித்துப் போயிருக்கிறேன்.

அழுகை வரவில்லை. நாள் பூரா மூட்டை தூக்கினால் தோள் மரத்துப்போகும், அதுமாதிரி இருந்தது. மாணிக்கம் டீ வாங்கித் தந்தான், குடித்தேன். அங்கே என்ன நடந்தது, எழுதிக்கொள்கிறோம் என்று அந்தப் பெண் கேட்டாள். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன்.

செல்வி பேனாவை வைத்துவிட்டாள். அவளும் இத்தனை வருஷம் அந்த மரத்தைத்தானே அண்ணன் என்று கும்பிட்டாள். மறுபடி பேனாவை எடுத்து, "சொல்லு நைனா" என்றாள்.

சொல்கிறேன். மறுநாள் குழாய்த் திருப்பம் வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். பின்னால் வந்தவர், பெரியவரே, செருப்பு அறுந்துபோச்சா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இனி கால் இருக்கிறவரைக்கும் அந்த இடத்தில் வெறுங்காலோடுதான் போவேன். உன் மரத்தையும் விடமாட்டேன். யார் வைத்ததோ, நீ பால் ஊற்றி வளர்த்தது. வருஷத்துக்கு ஒரு நாள் இரண்டு இடத்திலும் பால் ஊற்றுவேன். நம்மவனிடம் போகும்போது திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் வருவேன்.

உன் புருஷன்,
நம்ம இரண்டு பிள்ளைக்கும் அப்பன்