வரவேற்பறையில் சொன்ன 'எஸ்'

இன்று காலை பயிற்சி மையத்தின் அலமாரியைத் திறந்ததும் யூகலிப்டஸ் தைல வாசம். உன் ஹெட்போனில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பதிவுகளைக் கேட்டுக் கேட்டுத் தலைவலி வந்தால், நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டு மறுபடி கேட்பாய்.

ஸ்ரீபெரும்புதூரில் விடுதி, டிராவல்ஸ் வேலைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர நாம் இருவரும் சேர்ந்தபோது ஒரு பாடப்புத்தகம்தான் இருந்தது. "இப்டி யாரும்மா பேசறாங்க?" என்று அதை மூடினாய். லாட்ஜ்களிலும் கோயில் வாசலிலும் வெளிநாட்டுப் பயணிகள் பேசுவதை, அவர்களிடம் அனுமதி கேட்டுப் பதிவு செய்தாய். எல்லாவற்றையும் எழுத்தாக்கிக் கணினியில் சேர்த்தாய். ஒரு சொல்லைத் தட்டினால், அது வரும் வாக்கியங்களெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். நான் மொழித் தரவகம் என்பேன். நீ 'பேச்சு மூட்டை' என்பாய்.

அப்போது வந்தவள் இசக்கி. இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையில் லைனில் நின்று முதுகு விட்டுப்போய், வேறு வேலை தேடிய திருநெல்வேலிப் பெண். நம்மிடம் படித்து ஒரு விடுதியின் வரவேற்பறையில் சேர்ந்தாள்; முதல் நாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"'வுட் யூ மைண்ட் இஃப் ஐ வெயிட் ஹியர்'னு ஒரு வெளிநாட்டுக்காரரு கேட்டாரு மேடம். சிரிச்சுக்கிட்டே எஸ் சார்னுதான் சொன்னேன். அவரு பெட்டியத் தூக்கிட்டு வெயில்ல போயி நின்னுட்டாரு. மேனேஜர் மரியாதை தெரியாதவள்னு ஏசிட்டாரு."

ஊருக்கே போய்விடுகிறேன் என்றாள். நீ 'மைண்ட்' என்று தட்டி, அவளைத் திரைமுன் உட்காரவைத்தாய்.

"இன்னா பதில் சொல்றாங்க, நீயே பாரு."

வரிசையாகப் படித்தாள். நோ, நாட் அட் ஆல். நோ, ப்ளீஸ் டூ.

"இங்க இருந்தா உங்களுக்கு ஆட்சேபணையான்னு அவர் கேட்டாரு. ஆமான்னுட்டே," என்றாய். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

மறுநாள் அவளோடு நீயே போனாய். "பொண்ணு மேல தப்பில்ல சார். நாங்க சொல்லித்தராம வுட்டுட்டோம்" என்று மேனேஜரிடம் பேசி, இன்னொரு வாய்ப்பு வாங்கித்தந்தாய்.

நோய் உன்னைக் கொண்டுபோனபின் எல்லாம் நின்றுவிடும் என்று பயந்தேன். நிற்கவில்லை. அதே வரவேற்பறைக்கு இன்று இசக்கிதான் பொறுப்பாளர். தான் பதிவு செய்த பேச்சுகளை அவளே கொண்டுவந்து சேர்க்கிறாள்.

உன் பதிவுகளின் தொடக்கத்தில், பயணிகளிடம் நீ அனுமதி கேட்கும் குரல் இருக்கிறது. வகுப்புக்காகப் பதிவை நறுக்கும்போது அதை மட்டும் நான் வெட்டுவதில்லை. பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் பணிவாகக் கேட்கப் பழகுகிறார்கள். நேற்று ஒருத்தி, "இது யாரு மேடம்?" என்றாள்.

"என் ஃபிரெண்டு," என்றேன், வகுப்பு முழுக்கக் கேட்கும்படி.